பட்டம் கையில், பெயர் பட்டியலில்: திருகோணமலைப் பட்டதாரிகள் ஏன் காத்திருக்கிறார்கள்?

இலங்கையின் வேலையின்மை வீதம் ஐந்து சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. வளர்ந்த நாடுகள் சிலவற்றோடு ஒப்பிட்டால்கூட இது மோசமான எண் இல்லை. ஆனால் திருகோணமலையில் ஆளுநர் செயலகத்துக்கு முன்பாகப் பட்டதாரிகள் பதாகையோடு உட்கார்ந்திருக்கும் படம் பத்திரிகைகளில் வருவது நிற்கவில்லை. 2017இல் கிழக்கு மாகாணப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் வேலை இல்லை என்றால், வீதியில் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்?

இதற்குத் தயாராக இரண்டு பதில்கள் உண்டு. ‘படித்த பிள்ளைகளுக்கு அரச உத்தியோகம் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை’ என்பது ஒன்று. ‘பல்கலைக்கழகங்கள் சந்தைக்கு உதவாத பட்டங்களைத் தருகின்றன’ என்பது மற்றது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டும் பழியைப் பட்டதாரியின் தலையிலும் விரிவுரையாளரின் தலையிலும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. காத்திருக்கும்படி தூண்டும் விதிகளை எழுதியது அரசு. காத்திருக்கும் காலத்தில் செய்வதற்கு வேறு வேலை தராதது இந்த மாவட்டத்தின் பொருளாதாரம். இவை ஒன்றையொன்று எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன என்பதுதான் இங்கே விளக்கப்படுகிறது.

முதலில் கணக்கு: யார் வேலையற்றவர்?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் தொழிற்படை அளவீட்டில் பின்பற்றும் வரைவிலக்கணம் மூன்று பெட்டிகளைக் கொண்டது.

1. தொழில் புரிபவர்: கணக்கெடுப்பு வாரத்தில் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தவர். குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவியவரும் இதில் அடக்கம்.
2. வேலையற்றவர்: அந்த வாரத்தில் வேலை செய்யாதவர், ஆனால் வேலை தேடி முயன்றவர், கிடைத்தால் ஏற்கத் தயாராக இருப்பவர்.
3. தொழிற்படைக்கு வெளியே உள்ளவர்: வேலையும் செய்யவில்லை, தேடவும் இல்லை.

வீதம் என்பது இரண்டாவது பெட்டியை, முதலிரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. மூன்றாவது பெட்டி கணக்கிலேயே வராது.

இப்போது கிண்ணியாவில் இருக்கும் ஒரு பட்டதாரியை எண்ணிப் பாருங்கள். பின்னேரங்களில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நாலு பேருக்கு ரியூசன் கொடுக்கிறார். காலையில் தந்தையின் கடையில் கல்லாவில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பம் அனுப்புகிறார். தன்னை யாராவது கேட்டால் ‘வேலை இல்லை’ என்பார். புள்ளிவிபரத்தின்படி அவர் தொழில் புரிபவர். மூதூரில் இருக்கும் அவருடைய வகுப்புத் தோழி திருமணமாகி, கைக்குழந்தையோடு, இரண்டு ஆண்டுகளாக எங்கும் விண்ணப்பிக்காமல் இருக்கிறார் என்றால் அவர் மூன்றாவது பெட்டி. இருவருமே அந்த ஐந்து சதவீதத்துக்குள் இல்லை.

சராசரி மறைக்கும் இன்னொன்றும் உண்டு. வேலையின்றி இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். கொட்டியாரக் குடாவில் வலை இழுப்பவரும் கந்தளாயில் அரிவு வெட்டுக் கூலிக்குப் போகிறவரும் ஒரு மாதம் சும்மா இருந்தால் அடுப்பு எரியாது, கிடைத்ததைச் செய்வார்கள். ஆகவே குறைவாகப் படித்தவர்களிடையே வேலையின்மை குறைவாகத் தெரிகிறது. உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே வீதம் மற்ற எல்லாக் கல்வி மட்டங்களையும் விட உயர்ந்திருப்பது இந்த அளவீட்டில் ஆண்டாண்டாகக் காணும் விடயம். 15 முதல் 24 வயதுக்கு உட்பட்டவர்களிடையே அது 20 சதவீதத்தையும் தாண்டுகிறது. பெண்களின் வீதம் ஆண்களுடையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வீதியில் உட்கார்ந்திருப்பவர்கள் படித்தவர்கள், அவர்களில் பெண்கள் அதிகம், வயதில் அந்த இளைஞர் வட்டத்தைச் சற்றே தாண்டியவர்கள்.

புதிய நோய் இல்லை

1971 ஏப்ரலில் தெற்கில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அதில் இறங்கியவர்களில் பெரும்பகுதி படித்த கிராமத்து இளைஞர்கள். அதே ஆண்டு சர்வதேச தொழில் அமைப்பு, பொருளியலாளர் டட்லி சீர்ஸ் தலைமையில் ஒரு குழுவை இங்கே அனுப்பியது. இலவசக் கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் பொருளாதாரம் உருவாக்கிய வேலைகளுக்கும் இடையே பொருத்தம் இல்லை என்பதே குழு சொன்னதன் சாரம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த அறிக்கையை இன்றைய திகதியிட்டு மறுபடி வெளியிட்டால் பலருக்கு வித்தியாசம் தெரியாது.

வழங்கலின் அளவைப் பாருங்கள். ஆண்டுதோறும் இரண்டரை முதல் மூன்று லட்சம் பேர் உயர்தரப் பரீட்சை எழுதுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்கள் 40,000க்கு மேல் எடுக்கின்றன. உலக அளவுகோலில் இது அதிகம் என்று சொல்ல முடியாது. ஆகவே ‘பட்டதாரிகள் பெருகிவிட்டார்கள்’ என்ற புலம்பலைச் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். வேலையைத் தேடத் தொடங்கும் வயதுதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடையில் ஓர் ஆண்டோ அதற்கு மேலோ போகிறது. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022இல்தான் நடந்தது, 2022க்குரியது 2023இல். உள்ளே போனால் கொவிட் மூடல், ஊழியர் வேலைநிறுத்தம் என்று நான்கு ஆண்டுப் பட்டம் ஐந்தரையாக நீளும். பட்டம் செல்லுபடியாகும் திகதி வரும்போது 26, 27 வயது. வேறு நாட்டில் அந்த வயதில் ஒருவர் இரண்டாவது வேலைக்கு மாறியிருப்பார்.

வரிசையின் விதிகள்

பொருளியலில் இதற்குப் பெயர் காத்திருப்பு வேலையின்மை. ஒரு துறையின் வேலை மற்றதை விட மிக நல்லதாகவும், எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்தால், மற்ற வேலையை எடுப்பதை விட வரிசையில் நிற்பதே இலாபம் என்று ஆட்கள் முடிவெடுப்பார்கள். அது நடப்பதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: இரண்டு துறைகளுக்கும் இடையே பெரிய இடைவெளி, வரிசையை விட்டு விலகினால் இடம் போய்விடும் என்ற பயம்.

முதல் நிபந்தனை எளிதில் விளங்கும். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அரச துறையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்தியது. அதே காலத்தில் தனியார் துறையின் சட்டபூர்வ ஆகக் குறைந்த சம்பளம் 27,000 ரூபாவாகவும் பின்னர் 30,000 ரூபாவாகவும் ஆக்கப்பட்டது. இவை இரண்டும் அடிமட்ட எண்கள், பட்டதாரிக்குரியவை இல்லை. ஆனால் இரண்டு துறைகளையும் சமூகம் எப்படி எடை போடுகிறது என்பதைக் காட்டப் போதும். இதன் மேல் ஓய்வூதியம், ஆண்டுக்கு 45 நாள் விடுமுறை, வங்கியில் கடன் கேட்டால் மறுக்கப்படாத சம்பளச் சிட்டை எல்லாம் சேர்கின்றன. கல்யாணச் சந்தையில் அரச உத்தியோகத்துக்கு இருக்கும் மதிப்பைப் பற்றி எந்த அளவீடும் கேட்பதில்லை. கேட்டால் பொருளியலாளர்களின் சமன்பாடுகள் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 வயதில் ஒருவர் மூன்று ஆண்டுகள் வருமானமின்றிக் காத்திருந்து 30 வயதில் நியமனம் பெற்றால், 60 வரை முப்பது ஆண்டுச் சம்பளம், அதற்குப் பிறகு சாகும் வரை ஓய்வூதியம், பிறகு துணைவருக்கும் ஒரு பங்கு. இழந்தது மூன்று ஆண்டுத் தனியார் சம்பளம். எந்தத் தந்தையும் ‘பொறு’ என்றுதான் சொல்வார். இதைச் சோம்பல் என்று சொல்பவர்களுக்குக் கூட்டல் கழித்தல் தெரியவில்லை.

இரண்டாவது நிபந்தனையைப் பற்றித்தான் பொதுவில் அதிகம் பேசப்படுவதில்லை. அரசாங்கங்கள் பட்டதாரிகளை ஆண்டுதோறும் வெற்றிடத்துக்கு ஏற்ப எடுப்பதில்லை. தொகுதி தொகுதியாக எடுக்கின்றன. 2005 அளவில் 40,000க்கு மேற்பட்டவர்கள். 2012இல் ஏறத்தாழ 50,000. 2018, 2019இல் மேலும் சில தொகுதிகள். 2020இல் மறுபடி 50,000க்கு மேல். தேர்தல் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில திகதிகள் ஏன் அப்படி விழுந்தன என்பது தெரியும். இந்த முறைக்கு மூன்று விளைவுகள் உண்டு.

1. பட்டமே தகுதி. போட்டிப் பரீட்சை இல்லை. அல்லது பெயருக்கு ஒன்று. பட்டம், வதிவிடம், வயது சரியாக இருந்தால் போதும். ஆகவே எந்தப் பட்டம், எந்த வகுப்புச் சித்தி, இடைப்பட்ட காலத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பதற்குப் பெறுமதி இல்லை.

2. முந்திய ஆண்டுக்கு முன்னுரிமை. பட்டம் பெற்ற ஆண்டின் வரிசைப்படி எடுக்கும்போது காலமே சொத்தாகிறது. 2015இல் பட்டம் பெற்றவர் 2016இல் பட்டம் பெற்றவருக்கு முன்னால் நிற்கிறார். வேறு எந்த வேறுபாடும் தேவையில்லை.

3. வேலை செய்தவர் விலக்கப்படுகிறார். திட்டம் ‘வேலையற்ற’ பட்டதாரிகளுக்கு. அப்படியானால் வேலை செய்பவர் தகுதியற்றவர் ஆகிறார். 2020ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஊழியர் சேமலாப நிதியில் பெயர் பதிவாகியிருந்தவர்களின் விண்ணப்பங்கள் முதற் சுற்றில் நிராகரிக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் மேன்முறையீட்டுக்கு இடம் தரப்பட்டது.

இந்த மூன்றாவதில் சற்று நிற்க வேண்டும். சேமலாப நிதிக்கு ஊழியர் சம்பளத்தின் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்துவது சட்டம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் இன்னொரு 3 சதவீதம் கட்ட வேண்டும். ஒழுங்கான கம்பனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே உங்கள் அடையாள அட்டை இலக்கம் அந்தப் பதிவில் ஏறிவிடும். அதாவது, எட்டு மாதம் ஏதோ ஒரு நிறுவனத்தில் கணக்காளரின் உதவியாளராக இருந்து, சட்டப்படி பங்களிப்புச் செலுத்தி, அனுபவம் சேர்த்தவரின் பெயர் வெட்டப்பட்டது. வீட்டில் இருந்தவருக்கும், பதிவில்லாத கடையில் கைக்காசுக்கு வேலை செய்தவருக்கும் சிக்கல் இல்லை. இதைப் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த தொகுதி மாணவர்கள் என்ன முடிவெடுப்பார்கள்? ஒன்று, வேலைக்கே போக வேண்டாம். இல்லாவிட்டால், சேமலாப நிதி பிடிக்காத இடமாகப் பார்த்துப் போக வேண்டும். தொழிற்சட்டத்தை மீறும் முதலாளிக்கு இதை விட நல்ல பரிசை யாரும் தந்திருக்க முடியாது.

2022இல் பெற்றோல் வரிசையில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் போய்த் தேநீர் குடிக்கக்கூட எவரும் துணியவில்லை. பட்டதாரி வரிசையும் அதே பயத்தில்தான் நகர்கிறது. தெளிவான அறிவிப்பும் நிச்சயமான திகதியும் இருந்தால் வரிசை தானாகவே கலையும்.

உள்ளே போனவர்கள் என்ன செய்கிறார்கள்?

வெற்றிடம் பார்த்து எடுக்காததால், எடுத்த பிறகு வேலையைத் தேட வேண்டியிருக்கிறது. பட்டதாரி பயிலுநர்களாக மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் சேர்க்கப்பட்டவர்கள் பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நிரந்தரமாக்கப்பட்டார்கள். பிரதேச செயலகங்களில் கதிரைக்குப் போட்டி என்பது உத்தியோகத்தர்களே சொல்லும் பழைய பகிடி. ஒரே கிராம உத்தியோகத்தர் பிரிவில் கிராம உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர், பொருளாதார அபிவிருத்தி உத்தியோகத்தர், விவசாய ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளர் என்று பலர். எல்லோரிடமும் ஒரே குடும்பங்களின் விபரம் வெவ்வேறு படிவங்களில் இருக்கும். நான்கு பேருக்கும் தலையாட்டிப் பழகிவிட்ட குடும்பத் தலைவி, ஐந்தாவது ஆள் வந்தாலும் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிடுவார்.

பாடசாலைகளுக்கு இணைக்கப்பட்டவர்கள் வேறு வகை. வகுப்பில் பாடம் எடுக்கிறார்கள். ஆசிரியர் சேவைக்குள் இல்லை. இப்போது தங்களை அந்தச் சேவைக்குள் உள்வாங்கக் கோரி அவர்களே போராடுகிறார்கள். வரிசை முடிந்தும் வரிசை தொடர்கிறது.

துறைமுகம் இருந்தும் வேலை ஏன் இல்லை?

‘உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று’ என்பதைக் கேட்டே இந்த மாவட்டத்தின் பிள்ளைகள் வளர்கிறார்கள். அதைத் தொடர்ந்து வர வேண்டிய வேலைகள் ஏன் வரவில்லை என்பதற்கு, இங்கே உள்ள தொழில்கள் எத்தகையவை என்று பார்க்க வேண்டும்.

கொழும்புத் துறைமுகம் கொள்கலன் துறைமுகம். ஒரு கொள்கலனைச் சுற்றிச் சுங்கத் தரகர், சரக்கு அனுப்பும் முகவர், காப்புறுதி, கணக்கு, சட்டம், மென்பொருள் என்று அலுவலக வேலைகள் ஒரு கூட்டமாக முளைக்கும். திருகோணமலைக்கு வருவது பெரும்பாலும் மொத்தச் சரக்கு: கோதுமை, சீமெந்து மூலப்பொருள், எரிபொருள். சீனக்குடாவை அண்டிய பிறீமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் நாட்டுக்கே பெரிய உற்பத்திக் கூடங்கள். ஆனால் இத்தகைய ஆலைக்கு வேண்டியது சில பொறியியலாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் கூடவே இயந்திர இயக்குநர்களும். விற்பனை, நிதி, மனிதவளம், விளம்பரம் போன்ற பட்டதாரி வேலைகள் கொழும்பில் இருக்கும் தலைமையகங்களில்தான் பெருகுகின்றன. ஆலையின் புகை இங்கே, அலுவலகம் அங்கே.

எண்ணெய்த் தாங்கிகளின் கதையும் இதுதான். பிரித்தானியர் கட்டிய 99 தாங்கிகளைப் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது: 14 இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. புவிசார் அரசியல் கட்டுரைகளுக்கு இதில் தீனி அதிகம். வேலைவாய்ப்புக்குக் குறைவு, தாங்கியில் எண்ணெயைச் சேமிக்கப் பெரிய ஆளணி தேவையில்லை. சம்பூரில் திட்டமிட்ட நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, சூரிய மின்திட்டமாக மாறியது. சுற்றாடலுக்கு அது நல்ல முடிவு. ஆனால் சூரியப் பலகைகளைப் பொருத்தும் காலத்தில் ஆட்கள் வேண்டும். பொருத்திய பிறகு கழுவவும் காவல் காக்கவும் சிலர் போதும். ‘பெரிய முதலீடு வருகிறது’ என்ற தலைப்பைப் படிக்கும்போது, அது கட்டுமானக் கால வேலையா இயக்கக் கால வேலையா என்று கேட்டுப் பழக வேண்டும்.

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்குப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. ஐப்பசி மழை தொடங்கினால் கடலும் மூடும், அறைகளும் மூடும். ஐந்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடுக்க நடுத்தர ஹோட்டல் முதலாளி தயங்குவார். நிரந்தரப் பதவிகள் குறைவாகவே இருக்கும். நெல்லும் மீனும் குடும்பத் தொழில்கள். கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. புல்மோட்டைக் கனிய மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பல் ஏறுகிறது. மதிப்புக் கூட்டும் கட்டம் எங்கே நடக்கிறதோ, ஆய்வுகூடமும் பட்டதாரியும் அங்கேதான் இருப்பார்கள்.

இதன் மேல் போர். 1983க்கும் 2009க்கும் இடையில் சாதாரணமாக வளர்ந்திருக்க வேண்டிய சிறு, நடுத்தரக் கம்பனிகளின் ஒரு தலைமுறையே இங்கே பிறக்கவில்லை. 2006இல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். சம்பூர்க் காணிகள் திரும்பி வரப் பத்தாண்டுகள் எடுத்தன. கடன் கேட்டுப் போனால் ஈடு வைக்க உறுதி இல்லாத குடும்பங்கள் அதிகம். இருபது பேருக்கு வேலை கொடுக்கும் நூறு கம்பனிகள் ஒரு மாவட்டத்தில் இல்லையென்றால், பட்டதாரிக்கு முதல் வேலை கிடைக்கும் வாசலே இல்லை. பெரிய திட்டங்களைப் பற்றிய அறிவிப்புகள் இந்த வெற்றிடத்தை மறைக்கின்றன.

கலைப் பிரிவு என்னும் சுழல்

வேலையற்ற பட்டதாரிகளில் கலைப் பட்டதாரிகள் அதிகம் என்பதைச் சுட்டிக்காட்டி, ‘ஏன் கலை படித்தீர்கள்?’ என்று கேட்பவர்கள் அந்தப் பிள்ளை படித்த பாடசாலையின் கால அட்டவணையைப் பார்க்க வேண்டும். நாட்டில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் உள்ளன; உயர்தர விஞ்ஞானப் பிரிவு கொண்டவை அவற்றில் பத்தில் ஒன்று அளவே. வெருகலிலோ குச்சவெளியின் உட்கிராமத்திலோ உள்ள பிள்ளைக்கு விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் திருகோணமலை நகரில் தங்க இடம் வேண்டும். பணமில்லாத வீட்டில் தெரிவு ஒன்றுதான்.

பல்கலைக்கழக அனுமதி முறை இந்தக் குறையை ஓரளவு ஈடு செய்கிறது. கலை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகை அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளது. ஆனால் மாவட்டத்துக்கு உள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வை இந்தச் சூத்திரம் தொடுவதில்லை. மாவட்டக் கோட்டாவின் பயன் பெரும்பாலும் நகரப் பாடசாலைக்கே போகிறது.

சுழல் இப்படி மூடுகிறது. கிராமத்தில் கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லை. ஆகவே பிள்ளைகள் கலை படிக்கிறார்கள். கலைப் பட்டதாரிகளாகத் திரும்பி வருகிறார்கள். தொகுதி நியமனத்தில் அவர்கள் ஆசிரியர்களாகிறார்கள். கணித, விஞ்ஞான, ஆங்கில வெற்றிடம் அப்படியே இருக்கிறது. தமிழும் வரலாறும் கற்பிக்க ஆட்கள் மிஞ்சுகிறார்கள். ‘ஆசிரியர் பற்றாக்குறை’ என்ற செய்தியும் ‘பட்டதாரிகளுக்கு வேலை இல்லை’ என்ற செய்தியும் ஒரே பத்திரிகையின் ஒரே பக்கத்தில் வருவதற்கு இதுதான் காரணம்.

கொழும்புக்குப் போகலாமே?

போகலாம். நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதம் மேல் மாகாணத்தில். தனியார் பட்டதாரி வேலைகள் அதை விட அதிகமாக அங்கே குவிந்திருக்கின்றன. திருகோணமலையிலிருந்து இரவு ரயிலோ பஸ்ஸோ ஏறினால் விடியும்போது கோட்டையில் இறங்கிவிடலாம். தடை தூரத்தில் இல்லை.

முதற் சம்பளத்தில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் போக மிஞ்சுவது சொற்பம். ஊரில் இருந்து ரியூசன் கொடுத்தால் அதே தொகை கையில் நிற்கும். அடுத்தது மொழி. தமிழ் மொழி மூலம் பட்டம் பெற்றவருக்குக் கொழும்பு அலுவலகத்தில் ஆங்கிலம் வேண்டும். மதிய உணவு மேசையிலும் வாடிக்கையாளரின் தொலைபேசியிலும் சிங்களம் வேண்டும். தெற்கிலிருந்து வரும் கலைப் பட்டதாரிக்கு ஒரு மொழித் தடை என்றால் மூதூரிலிருந்து போகிறவருக்கு இரண்டு. நேர்முகப் பரீட்சையில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற முதல் கேள்வியிலேயே பாடத்தில் முதல் வகுப்பு எடுத்தவர் தடுமாறுவது அறிவுக் குறைவினால் நடப்பதில்லை.

பெண்களுக்கு இந்தத் தடைகள் இரட்டிக்கும். பல்கலைக்கழக மாணவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள்; வேலைசெய்யும் வயதுப் பெண்களில் தொழிற்படைக்குள் இருப்பவர்களோ மூன்றில் ஒரு பங்கு அளவே. கிண்ணியா, மூதூர் போன்ற ஊர்களில் மகளைத் தனியே கொழும்பில் தங்க விட விரும்பாத பெற்றோர் குறைவில்லை. தமிழ்க் குடும்பங்களிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. வீட்டுக்கு அருகே, மாலை நாலேகாலுக்கு முடியும், ‘மரியாதையான’ வேலை என்றால் அது ஆசிரியர் வேலை அல்லது பிரதேச செயலகம். ஆகவே வரிசையில் நிற்பவர்களில் பெண்கள் அதிகமாக இருப்பது தற்செயல் இல்லை. மாவட்டத்துக்குள் பாதுகாப்பான மாலை நேரப் பஸ் சேவையும் பிள்ளை பராமரிப்பு நிலையமும் வந்தால், அது பல பாடத்திட்டச் சீர்திருத்தங்களை விடப் பெண் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பைக் கூட்டும் என்பது என் கருத்து.

முதலாளிகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஒருவரை நிறுத்துவது 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டத்தின் கீழ் கடினம். ஊழியரைக் காக்க வந்த சட்டம் அது. ஆனால் அனுபவமற்ற ஒருவரைப் பரீட்சார்த்தமாக எடுத்துப் பார்க்க நிறுவனங்கள் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். நியமனக் கடிதம் வந்தால் மறுநாளே போய்விடுவார் என்று தெரிந்த பட்டதாரிக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுக்க யார் முன்வருவார்? அரச வரிசை தனியார் துறையின் கையையும் கட்டுகிறது.

2022க்குப் பிறகு மாறியது என்ன?

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் சுமார் 300 கோடி டொலர் திட்டம் தொடங்கியது. அரச சம்பளச் செலவைக் கட்டுப்படுத்துவது இந்தக் காலத்தின் தவிர்க்க முடியாத பகுதி. ஆட்சேர்ப்பு ஏறக்குறைய நிறுத்தப்பட்டது. உள்ளே இருப்பவர்கள்கூடச் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டு வெளிநாடு போக அனுமதிக்கப்பட்டார்கள். 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள்.

மாகாணத்தின் நிலை இன்னும் சிக்கல். ஆசிரியர்களில் பெரும்பகுதியை நியமிக்கும் பொறுப்பு மாகாணத்துக்கு. ஆனால் ஆளணிக்கு மத்திய அரசின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதியும் சம்பளத்துக்குத் திறைசேரியின் பணமும் வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆகவே ஆளுநர் செயலகத்துக்கு முன்னால் உட்காரும் பட்டதாரி, வெற்றிடம் இருக்கிறது என்று சொல்லக்கூடிய, ஆனால் நிரப்பப் பணம் இல்லாத ஓர் அலுவலகத்திடம் கேட்கிறார். ஆளுநர் ‘கொழும்புக்கு அறிவித்திருக்கிறேன்’ என்று சொல்வது ஏய்ப்பு மட்டும் இல்லை, அமைப்பும் அப்படித்தான்.

2025 வரவு செலவுத் திட்டம் அரச சேவைக்கு 30,000 பேரை எடுக்க 1,000 கோடி ரூபா ஒதுக்கியது. அறிவிப்பு வந்ததும் பழைய வரிசை உயிர் பெற்றது. இம்முறை வெற்றிடங்களுக்குத்தான் ஆட்சேர்ப்பு என்கிறது அரசாங்கம். அது நடக்கிறதா என்பதை அடுத்தடுத்த வர்த்தமானி அறிவிப்புகளில் மூன்று இடங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

1. பதவியின் பெயரும் பாடமும் குறிப்பாக உள்ளனவா, அல்லது ‘பட்டதாரிகள்’ என்று மொத்தமாக உள்ளதா? மொத்தமாக இருந்தால் கதிரைப் போட்டி மறுபடி வருகிறது.
2. தெரிவு போட்டிப் பரீட்சையிலா, பட்டம் பெற்ற ஆண்டின் வரிசையிலா? ஆண்டு வரிசை என்றால் காத்திருந்தவருக்கே மீண்டும் பரிசு.
3. தனியார் துறை அனுபவத்துக்குப் புள்ளி உண்டா, அல்லது சேமலாப நிதிப் பதிவு தகுதியின்மையா?

மூன்றாவது விடயத்தை மாற்றத் திறைசேரிக்கு ஒரு சதமும் செலவில்லை. ‘வேலையற்ற’ என்ற நிபந்தனையை நீக்கி, பதிவு செய்யப்பட்ட தனியார் அனுபவத்துக்கு ஆண்டொன்றுக்குச் சில புள்ளிகள் தந்தாலே, நாளைக்கே ஆயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு வெளியே வர ஒரு காரணம் கிடைக்கும். தொழிற்சங்கங்களும் பட்டதாரி சங்கங்களும் இதைக் கோரிக்கைப் பட்டியலின் உச்சியில் வைக்காதது வியப்பு; ஒருவேளை, இதுவரை காத்திருந்தவர்களே சங்கங்களில் அதிகம் என்பதால் இருக்கலாம்.

வயதெல்லை வேறு நெருக்குகிறது. பல அரச பதவிகளுக்கு அது வழக்கமாக 35. போராட்டங்களின் பின் அவ்வப்போது உயர்த்தப்பட்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டுத் தொகுதி மூடிய பிறகு, 27 வயதில் பட்டம் பெற்று 2021இல் வெளியே வந்தவருக்கு 2029இல் 35 ஆகும். அவருக்குப் பின்னால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய தொகுதி வந்து நிற்கிறது. அடுத்த பெரும் கோரிக்கை ‘நியமனம் தா’ என்பதாக இருக்குமா, ‘வயதெல்லையை 45 ஆக்கு’ என்பதாக இருக்குமா என்பது இன்னும் இரண்டு மூன்று வரவு செலவுத் திட்டங்களுக்குள் தெரிந்துவிடும்.